கழுவாத கிளை

ஜூன் 14

என் குட்டிக்கு,

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பது எங்கேயும் ஓடிப் போகாது.

கண்காணிப்பாளர் கோட்டுக்காரர் இருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கோட்டைக் கழற்ற மாட்டாரே, அவர்தான். மிருகக்காட்சிசாலைக்குச் சான்றிதழ் கொடுக்க வந்த குழுவில் மூன்று பேர் இருந்தார்கள்: குடை பிடித்த அம்மாள், படம் எடுத்துக்கொண்டே இருந்த ஆள், கொட்டாவி விட்ட கிழவர். தீவன அறையிலிருந்து கேரட் அக்கா கீரைத் தட்டோடு வந்து நின்றாள். ஆபீஸிலிருந்து ஹெட்கிளார்க், அதாவது என் மூத்த மகன், உன் அப்பன், கக்கத்தில் ஒரு கோப்போடு வந்திருந்தான். பராமரிப்பாளர் உடுப்பில் நீ, வேலைக்குச் சேர்ந்து நாற்பதாவது நாள். துடைப்பத்தோடு நான். கம்பிக்கு அந்தப் பக்கம் ஏழு லெமூர்கள். பெட்டிக்குள் தாய் லெமூர் அரைக்காது, அதன் முதுகில் இரண்டு மாதக் குட்டி ஒட்டி. டாக்டரம்மா இல்லை. பத்தேகாலுக்குத்தான் அவர் மூச்சிரைக்க ஓடி வந்தார், ஒரு காலில் செருப்பு இல்லாமல்.

இனி விசாரிக்கிறேன். நீ சுகமா? ராத்திரி தூங்குகிறாயா? என் கையில் கடி ஆறிவிட்டது, சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை. வேலை முடிந்து வந்த பிறகு உன் அத்தை வீட்டில் நேரத்துக்குச் சோறு கிடைக்கிறது. அவள் பாத்திரம் துலக்குவதைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கிறது, வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

இருபத்து மூன்று வருஷம் லெமூர் வீட்டைப் பெருக்கியவள் நான். இந்த வளையவால் ஜாதிக்குக் கண்ணை விட மூக்குத்தான் பெரிது. கிளையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து வாடையை வைக்கும், அதுதான் அதுகளுக்கு வீட்டு முகவரி. அதனால் எல்லாக் கிளையையும் நான் ஒரே நாளில் கழுவினதே இல்லை. பாதியை இன்றைக்கு, பாதியை மூன்று நாள் கழித்து. ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போனால் கூடவே ஒரு அழுக்குக் கிளை போகும். அது திரும்புவதற்கு முதல் நாளே அந்தக் கிளை திரும்பி வந்து கூட்டத்துக்கு நடுவில் நிற்கும். ‘நம்ம ஆளுதான் வருது’ என்று மற்றதுகளுக்குச் சொல்லி வைக்கிற மாதிரி.

அரைக்காது பல்லில் சீழ் கட்டி நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. முதல் நாள் மாலை அந்தக் கிளையை உள் அறையில், தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கம், நான்தான் செருகி வைத்தேன். காலையில் பார்க்கிறேன், அந்தக் கிளை, மற்றக் கிளை, மேடை, சுவர் எல்லாம் பல் துலக்கின மாதிரி பளபளக்கிறது, பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கை அறுக்கிறது. நான் வாய் திறப்பதற்குள் மணி பத்து. ‘குழு காத்திருக்கு, கதவைத் தூக்குங்க’ என்றார் கோட்டுக்காரர். தூக்கினார்கள். சொந்த வாடை ஒன்றும் இல்லாத வீட்டுக்குள் மருந்து வாடையோடு ஒன்று நுழைந்தால் என்ன ஆகும்? கூட்டத்துத் தலைவி மாமியார் முதல் கடி கடித்தது. அதன் மகள் இரண்டாவது. ஆறு நிமிஷம். நான் உள்ளே பாய்ந்து ஒட்டியை மட்டும் பிடுங்கினேன். அரைக்காது வீட்டைச் சுற்றியிருக்கிற அகழித் தண்ணீரில் செத்து மிதந்தது.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அந்தக் கிளையைக் கழுவினது யார்? விசாரித்து எழுது. ஒட்டி பால் குடிக்கிறதா என்றும் எழுது. வீட்டு முகவரிக்குப் போட்டால் உன் அப்பன் பிரித்துப் பார்ப்பான், அதனால் கேரட் அக்கா கையில் சேரும்படி போடுகிறேன். போன் வேண்டாம். பேச்சு காற்றோடு போய்விடும், எழுதினால் கையில் நிற்கும்.

உன் பாட்டி


ஜூன் 30

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் விரலை டாக்டரிடம் காட்டச் சொல்லி அத்தையிடம் சொல்லுங்கள். இங்கே நல்ல மழை. லெமூர் வீட்டுப் பின்பக்கம் தண்ணீர் தேங்கி, போன புதன்கிழமை மணல் மூட்டை அடுக்கினோம். கூரையில் இரண்டு தகடு மாற்றினார்கள். புது விளக்கும் போட்டிருக்கிறார்கள், நம் லெமூர் சாமியார் அதன் அடியில் கைகளை விரித்து வயிற்றைக் காட்டி உட்கார்ந்து கொள்கிறது. பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் படம் எடுக்கிறார்கள்.

ஒட்டி நன்றாக இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசிக்குழலில் பால் கொடுக்கிறேன். டாக்டரம்மா ஒரு துணிக் கரடி வாங்கி வந்தார், அதன் முதுகில் தொற்றிக்கொண்டு தூங்குகிறது. எடை ஏறியிருக்கிறது.

கேரட் அக்கா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அப்பாவும் கேட்டார். மழை விட்டதும் மறுபடி எழுதுகிறேன்.

உங்கள் பேத்தி


ஜூலை 6

குட்டி,

சுகமாக இரு. மழை எப்படி என்று உன்னை யார் கேட்டார்கள்? மழையைச் சொல்லத்தான் வானொலி இருக்கிறதே. நான் கேட்டது ஒரு கேள்வி, அதற்கு நீ கூரைத் தகடு, மணல் மூட்டை, சாமியாரின் வயிறு என்று எழுதி அனுப்பியிருக்கிறாய்.

சரி, நானே யோசித்துப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் வந்த அந்த வாளிக்காரனாக இருக்குமோ? அவனுக்கு அவ்வளவு சுத்தம் வராது, வாளியைக் கழுவச் சொன்னாலே அழுவான். கேரட் அக்காவோ? முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் என் சல்லடையை இரவல் வாங்கிப் போய், திருப்பித் தரும்போது ‘இது என்னுடையது, உனக்கு இரவல் தருகிறேன்’ என்று சொல்லி, மறு வாரமே திரும்ப எடுத்துப் போனவள் அவள். பொய் சொல்வாள், ஆனால் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டாள், மாமியாரைக் கண்டால் நடுக்கம். கோட்டுக்காரர் தன் கையால் ஒரு தூசியைக் கூடத் தட்ட மாட்டார். இரவுக் காவலாளி அன்றைக்கு விடுப்பு, மச்சினன் வீட்டில் சாவு.

பிறகு யார்? உள் அறைச் சாவி மூன்று பேரிடம்தான் உண்டு. ஒன்று கோட்டுக்காரரிடம். ஒன்று என் இடுப்பில் இருந்தது.

ஒட்டி நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஆடுகிறதா? துணிக் கரடியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறதா? அதை எழுது.

உன் பாட்டி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்.

லெமூர் வீட்டு விஷயத்தை நினைத்து மனத்தை அலட்டிக்கொள்ள வேண்டாம். அது முடிந்துபோன விஷயம். குட்டிக்கு அடிக்கடி கடிதம் எழுதி அவளையும் குழப்ப வேண்டாம். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

இத்துடன் ஒரு மாத்திரைப் பட்டை அனுப்பியிருக்கிறேன். ஞாபக சக்திக்கு நல்லது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. தங்கச்சியிடமும் சொல்லியிருக்கிறேன். வயதானால் எல்லோருக்கும் வருவதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தங்கள் மகன்


ஆகஸ்ட் 9

மகனுக்கு,

சுகமாக இரு. உன் மாத்திரை வந்தது. அதை உன் தங்கை வீட்டு ரோஜாத் தொட்டியில் போட்டிருக்கிறேன், அந்தச் செடிக்காவது போன வருஷம் எங்கே பூத்தோம் என்று ஞாபகம் வரட்டும்.

எனக்கா ஞாபக சக்தி? நாலு வயதில் நீ பக்கத்து வீட்டுக் கோழியைக் கிணற்றில் போட்டுவிட்டு, ‘அதுவே குதிச்சிடுச்சு’ என்றாய். அன்றைக்கு நீ போட்டிருந்தது நீலச் சட்டை, மேல் பொத்தான் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலத்தில் முப்பத்திரண்டு வாங்கி, முன்னால் ஒரு கோடு இழுத்து எண்பத்திரண்டாக்கினாய். உன் கல்யாணத்தன்று உன் மாமனார் என்னை மூன்றாம் வரிசையில் உட்கார வைத்தார், நாற்காலியில் ஒரு கால் குட்டை. பதினெட்டு வருஷத்துக்கு முன் அரைக்காதின் பாட்டி இந்த வீட்டுக்கு வந்தபோது எடை இரண்டு கிலோ நூறு கிராம். தராசை நான்தான் பிடித்தேன்.

மறதி என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. உனக்கு யார் சொன்னது? இந்தப் பேச்சு எங்கே முளைத்தது? அதற்குப் பதில் எழுது, மாத்திரை வேண்டாம்.

உன் அம்மா


செப்டம்பர் 3

அன்புள்ள பாட்டிக்கு,

இரண்டு மாதம் எழுதாததற்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஒட்டி ஆடுகிறது. நீங்கள் கேட்டபோதே ஆடிக்கொண்டுதான் இருந்தது, எழுதக் கை வரவில்லை. காலையில் நான் போகும்போது ஆடுகிறது, சாயங்காலம் கதவைச் சாத்தும்போதும் ஆடுகிறது. கரடியின் ஒரு காதைச் சப்பியே பிய்த்துவிட்டது. என்னைக் கண்டால் தோளில் ஏறிக்கொள்ளும், இறங்காது. மற்ற லெமூர்கள் தூரத்தில் கூவினால் காதை நிமிர்த்தும், பிறகு என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

கண்காணிப்பாளருக்கு ஒரு திட்டம். வருகிறவர்கள் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள வாசலில் ஒரு கூடாரம் போடப் போகிறாராம், ஒட்டிக்குச் சின்னதாக ஒரு கோட்டுத் தைக்கக் கொடுத்திருக்கிறார். டாக்டரம்மா சண்டை போட்டார். அழிந்துகொண்டிருக்கிற இனம், இது கூட்டத்தில் வளர்ந்து குட்டி போட வேண்டியது என்றார். அப்படியானால் வருஷம் முடிவதற்குள் கூட்டத்தில் சேர்த்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் கூடாரம்தான் என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார்.

கூடாரத்துக்குப் போனால் அது கடைசி வரைக்கும் லெமூராக இருக்காது பாட்டி. எப்படிச் சேர்ப்பது? உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

உங்கள் பேத்தி


செப்டம்பர் 10

குட்டி,

கோட்டா? லெமூருக்கா? அந்த மனிதன் தன் பிள்ளைக்கு வால் தைத்துப் போட்டுக் கூட்டி வரட்டும், நானும் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறேன்.

நான் சொல்வதை அப்படியே செய். உள் அறையைக் கம்பி வலை வைத்து இரண்டாகத் தடு. ஒட்டி ஒரு பக்கம், கூட்டம் ஒரு பக்கம். கூட்டம் படுக்கிற மேடைக்கு மேலே இருக்கிற கிளையில் ஒன்றை ஒடித்துக் கழுவாமல் ஒட்டியிடம் வை. ஒட்டியின் கிளை ஒன்றைக் கூட்டத்திடம் வை. இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்று. மாமியார் முதலில் உறுமும், கவலைப்படாதே. அந்தக் கிளைமேல் தன் பின்பக்கத்தைத் தேய்த்து வைக்கும் நாள் வரை கதவைத் தொடாதே. அது தேய்த்ததென்றால், ‘சரி, இதுவும் நம்ம வீட்டுச் சாமான்’ என்று கணக்கு. சாப்பாட்டை வலைக்கு இரு பக்கமும் ஒரே நேரத்தில் வை, மாமியாருக்கு ஒரு நொடி முன்னால். ஆண்களுக்குக் கடைசியில். அந்த விஷயத்தில் அதுகள் நம்மை விடக் கெட்டிக்காரிகள்.

இதற்குப் பத்து நாளாவது ஆகும், அதுவரை பிளீச்சிங் பவுடர் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. உன் தோளில் ஏற்றுவதையும் குறை. அழுதால் அழட்டும். உன் வாடை அதன்மேல் இருக்கிற வரைக்கும் அது அங்கே விருந்தாளிதான்.

முதல் கடிதத்தில் நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. நான் நிற்க வைத்துத்தான் இருக்கிறேன்.

உன் பாட்டி


அக்டோபர் 5

அன்புள்ள பாட்டிக்கு,

நலமா? நான் அவ்வளவு நலமில்லை.

கிளையை ஒளித்துத்தான் வைக்க முடிந்தது. இப்போது இங்கே தினமும் எல்லாக் கிளையையும் பிளீச்சிங் போட்டுக் கழுவ வேண்டும் என்று விதி, சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். நான் ஒரு கிளையைச் சாக்குக்குள் சுற்றி ஒட்டியின் கூண்டுக்கு அடியில் வைத்தேன். மூன்றாம் நாள் கண்காணிப்பாளர் பார்த்துவிட்டார். ‘உங்க பாட்டி பண்ணின அசிங்கத்தை நீயும் ஆரம்பிச்சுட்டியா’ என்று எல்லோர் முன்னாலும் கத்தி, கிளையைத் தூக்கி எறியச் சொன்னார்.

டாக்டரம்மாவிடம் போய்க் கழுவாத கிளை இருந்தால்தான் சேர்க்க முடியும் என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். ‘அறிக்கையில அப்படி இல்லையேம்மா. கழுவாம விட்ட கிளையாலதானே அன்னைக்கு அது செத்தது’ என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

கூடாரத்துக்குக் கம்பு நட்டுவிட்டார்கள். ஒட்டியின் கோட்டுச் சிவப்பு நிறம்.

உங்கள் பேத்தி


அக்டோபர் 11

குட்டி,

என்ன அறிக்கை?

யார் எழுதினது? யார் கையெழுத்து? கழுவாமல் விட்ட கிளையா? அன்றைக்கு அந்த வீட்டில் கழுவாமல் இருந்தது என் கால் மட்டும்தான். டாக்டரம்மா படித்தவர், அவர் நம்பும்படி ஒரு பொய்யைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் அது சும்மா வாய்ப்பொய் இல்லை. அந்தப் பொய்யின்மேல் ஒரு விதியைக் கட்டி, அந்த விதிக்கு அடியில் ஒரு குட்டியைப் போட்டு மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதன் நகல் வேண்டும்.

இப்போது நான் சொல்வதையும் கேட்டுக்கொள். அன்றைக்குக் காலை ஒன்பதரைக்கு நீ என் அருகில் வந்து நின்றாய். குனிந்து ஒட்டியின் பெட்டியைத் தூக்கினாய். உன் சடையிலிருந்து பிளீச்சிங் வாடை வந்தது. வலது கை விரல் நுனியெல்லாம் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. மூன்றாவது சாவி உன்னுடையது. வாளிக்காரன், சல்லடை என்று நான் உளறினதெல்லாம் நீயாக வாய் திறக்கட்டும் என்றுதான். நாலு மாதம் காத்திருந்தேன். நீ மழையைப் பற்றி எழுதினாய்.

நான் அடிக்க மாட்டேன், அந்த வயதை நீ தாண்டிவிட்டாய். ஆனால் ஒட்டிக்கு நீ சொன்னால்தான் உண்டு. நான் இங்கிருந்து கத்தினால் ‘கிழவிக்கு மறதி’ என்பார்கள். கழுவின கை சொன்னால் யாராலும் ஒன்றும் பேச முடியாது. வேலை போகலாம். போனால் போகிறது. அந்தக் குட்டி சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊரார் மடியில் உட்காரும் நாளில் நீ சம்பளம் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பாயா?

பாட்டி


நவம்பர் 20

பாட்டி,

நான்தான் கழுவினேன். முதல் நாள் சாயங்காலம் கண்காணிப்பாளர் வந்து, ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் சான்றிதழ் போச்சு என்றார். நீ செருகி வைத்த கிளையைப் பார்த்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியும், நீ பத்துத் தடவை சொல்லியிருக்கிறாய். தெரிந்தே கழுவினேன். ராத்திரியில் மறுபடி வாடை வைத்துவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அரைக்காது செத்த அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.  மறுநாள் ஒரு காகிதம் கொண்டு வந்தார். ‘பாட்டிக்கு எப்படியும் வேலை முடியப் போகுது. வயசானவங்கன்னா யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீ சாட்சிக் கையெழுத்து மட்டும் போடு’ என்றார். போட்டேன். நகல் வைத்திருக்கிறேன். அதில் இப்படி இருக்கிறது:

‘மேற்படி பெண் பணியாளர் கடந்த ஈராண்டுகளாக ஞாபக மறதியால் அவதியுற்று வருகிறார். அன்றைய தினம் அகற்ற வேண்டிய அழுக்குக் கிளையை மறதியால் அகற்றாமல் விட்டதாலேயே, அதன் துர்நாற்றத்தால் விலங்குகள் கிளர்ச்சியுற்றன. இவரது நிலை குடும்பத்தினராலும் உறுதி செய்யப்படுகிறது.’

உறுதி செய்த குடும்பத்தினர் அப்பா. வாசகமும் அவருடையதுதான், கண்காணிப்பாளர் மாற்றாமல் வாங்கிக்கொண்டார்.

உன் கடிதத்தை முப்பத்தெட்டு நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். போன வெள்ளிக்கிழமை ஒட்டிக்குக் கோட்டைப் போட்டுப் பார்த்தார்கள். அது கடிக்கவில்லை, கத்தவில்லை. ஆடுவதைக் கூட நிறுத்திவிட்டு உறைந்து உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை நான் நடந்ததை நடந்தபடி எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். ஒரு பிரதி குழுவுக்கும் அனுப்பினேன்.

இப்போது என்னைப் பராமரிப்பு வேலையிலிருந்து எடுத்துத் தீவன அறையில் போட்டிருக்கிறார்கள். கேரட் நறுக்குகிறேன். வீட்டில் அப்பா என்னோடு பேசுவதில்லை. சுவரிலிருந்து விதியை டாக்டரம்மா தன் கையாலேயே கிழித்தார்.

என்னைத் திட்டி எழுது.

குட்டி


டிசம்பர் 17

பாட்டிக்கு,

நாலு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. திட்டாவது வரும் என்று தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன். உடம்பு சுகம்தானே? அத்தைக்குப் போன் செய்தேன், ‘சாப்பிடறாங்க, பேசறதில்லை’ என்றார்கள்.

ஒட்டி சேர்ந்துவிட்டது.

நீ எழுதினபடியே செய்தார்கள். தீவனத் தட்டுக் கொண்டு போகிற சாக்கில் நானும் தினம் பார்த்தேன். ஒட்டியின் கிளையை வைத்ததும் மாமியார் அதை மூன்று நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாம் நாள் முகர்ந்துவிட்டுத் தும்மியது. பத்தாம் நாள் பின்பக்கத்தைத் தேய்த்தது. அன்றைக்குத் தீவன அறையில் கேரட் அக்கா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பதினோராம் நாள் வலையைத் தூக்கினார்கள். ஒட்டி மூலையில் ஒண்டிக்கொண்டது. மாமியார் நேராகப் போய் ஒரு அறை விட்டது, பாட்டி, எனக்கு உயிரே போய்விட்டது. அறைந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, அதன் காதுக்குப் பின்னால் பல்லால் சீவ ஆரம்பித்தது. சாயங்காலம் எல்லாம் வாலோடு வால் பின்னி ஒரே உருண்டையாகத் தூங்கின. எட்டு வால் எண்ணினேன். ஒட்டி ஆடவில்லை.

கூடாரத்தைப் பிரித்துவிட்டார்கள். கண்காணிப்பாளரைக் குழு கூப்பிட்டு விசாரிக்கிறது. டாக்டரம்மா உன்னை வந்து ஒட்டியைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

அறிக்கையில் உன்னைப் பற்றி எழுதியதை அடிக்கும்படி அப்பாவிடம் கேட்டேன். உண்மை இப்போது எல்லோருக்கும் தெரியும், ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன். ‘கோப்பை மூடியாச்சு. மறதின்னு எழுதினதால யாருக்கு என்ன நஷ்டம்’ என்றார். உனக்கு ரயில் டிக்கெட் எடுத்து அனுப்புவதாகவும், வீட்டுக்கே வந்துவிடும்படியும் சொல்லச் சொன்னார்.

குட்டி


டிசம்பர் 22

என் குட்டிக்கு,

நீ நலமாக இரு. நானும் நலம், சுண்டுவிரலைத் தவிர. நாலு வாரம் எழுதாததற்குக் காரணம் கோபம்தான், வேறொன்றுமில்லை. கோபத்தில் எழுதினால் எழுத்துப் பெரிது பெரிதாகப் போய்க் காகிதம் போதவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

எட்டு வால் என்ற இடத்தை மட்டும் அத்தையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். மாமியாரின்மேல் எனக்கு எந்தக் கணக்கும் இல்லை. வாடை தெரியாமல் அடித்தது, வாடை தெரிந்ததும் சீவி விட்டது. மிருகத்திடம் இதற்கு மேல் என்ன கேட்பது?

நீ தெரிந்தே கழுவினாய். அதை நான் சாகிற வரைக்கும் உனக்குச் சொல்லிக் காட்டுவேன், நல்ல நாளிலும் சொல்வேன், உன் பிள்ளைகளிடமும் சொல்வேன். ஆனால் முப்பத்தெட்டு நாள் சுமந்து, பிறகு போய்க் கொடுத்தாயே, உன்னோடு எனக்குப் பகை இல்லை. கேரட்டை நீளவாக்கில் நறுக்கு. வட்டமாக நறுக்கினால் சாமியாருக்குத் தொண்டையில் சிக்கும்.

கோட்டுக்காரர் கழுதை. உதைத்ததற்காகக் கழுதைமேல் யாராவது வஞ்சம் வைப்பார்களா? நான் பின்னால் நின்றது என் தப்பு.

டாக்டரம்மாவிடம் வருகிறேன் என்று சொல். டிக்கெட் இன்று வந்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உன் அத்தை வேறு எடுத்துத் தருகிறாள். ஸ்டேஷனிலிருந்து நேராகக் கேரட் அக்கா வீட்டுக்குப் போகிறேன், அவளிடம் நான் கேட்க வேண்டிய ஒரு சல்லடையும் இருக்கிறது. உன் வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன். ஏனென்று நீ கேட்பாய், அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு ராத்திரி அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். என் கையில் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள், அவன்தான் விளக்கைப் பிடித்தான். ‘அம்மா, குட்டிதான் கழுவியிருக்கா, அவ வேலை போயிடும், பழியை நீ ஏத்துக்கோ’ என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் கட்டுப் போட்ட கையாலேயே கையெழுத்துப் போட்டிருப்பேன். என் பேத்திக்காக நான் எதை ஏற்றுக்கொள்ள மாட்டேன்? திருடி என்று எழுதச் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பேன். அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தான். எனக்குத் தெரியாமல் என் புத்தியை எடுத்து ஒரு கோப்பில் வைத்துக் கட்டிவிட்டு, எனக்கு மாத்திரை அனுப்பினான். யாருக்கு என்ன நஷ்டம் என்று இப்போது கேட்கிறான்.

பெரிய படிப்பு இல்லாதவள் நான். வீடு இல்லை, நகை இல்லை. என் தலைக்குள் இருந்தது ஒன்றுதான் என்னுடையது. அந்த வீட்டில் பிறந்த ஒவ்வொரு குட்டியும், இறந்த ஒவ்வொன்றும், எந்தக் கிளையை எந்தக் கிழமை கழுவினேன் என்பதும் அதில்தான் இருந்தன. ஒரு வரியில் அதைக் குப்பை என்று எழுதினான். அடித்து எழுது என்று பெற்ற மகளே கேட்டும் அடிக்கவில்லை.

இதை அவனிடம் வாசித்துக் காட்டு. உரக்க வாசி. மன்னிக்க மாட்டேன் என்று நான் யாரைச் சொல்கிறேன் என்று அவன் கேட்டால், தெளிவாகச் சொல்: மிருகக்காட்சிசாலை ஆபீஸ் ஹெட்கிளார்க், என் வயிற்றில் முதலில் பிறந்தவன், உன் அப்பன்.

பாட்டி